ஜப்பானில் வேலை, மனைவிக்கு வேறு நாட்டு பாஸ்போர்ட்: குடும்ப விசா எடுக்கும் வழி

என்னுடையது இந்திய பாஸ்போர்ட். மனைவியுடையது இலங்கை பாஸ்போர்ட். நான் வேலை பார்ப்பது டோக்கியோவில். 2024 ஜூனில் யாழ்ப்பாணத்தில் தாலி கட்டிவிட்டுத் திரும்பியபோது, இரண்டு மாதத்தில் அவளை அழைத்துக்கொண்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் நரீத்தா விமான நிலையத்தில் வந்து இறங்கியது 2025 ஜனவரியில். அந்த ஏழு மாதத்தில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது பதினோரு வாரம்தான். மீதியில் பெரும்பகுதி என் அறியாமைக்குச் செலவானது.

கணவனும் மனைவியும் வேறு வேறு நாட்டுக் குடிமக்கள் என்றதும் பலர் பயமுறுத்துவார்கள். என்னையும் பயமுறுத்தினார்கள். ஜப்பான் குடிவரவுத் துறை அதைப் பொருட்படுத்தவே இல்லை. அவர்கள் பார்ப்பது இரண்டே விஷயம்: இருவரும் சட்டப்படி கணவன் மனைவியா, உங்கள் வருமானத்தில் இருவர் வாழ முடியுமா. வேறு குடியுரிமை பெரும்பாலும் தலைகாட்டுவது திருமணச் சான்றிலும், தூதரக வாசலிலும்தான். அந்த இரண்டு இடத்திலும் கவனமாக இருந்துவிட்டால் மற்றவை எல்லாம் வரிசையில் நிற்கும் வேலை.

1. உங்கள் விசா எந்த வகை என்று முதலில் பாருங்கள்

குடும்ப விசாவுக்கு ஜப்பானிய மொழியில் ‘கஸோகு தைசாய்’ என்று பெயர். பொறியாளர், மொழிபெயர்ப்பாளர் போன்ற அலுவலக வேலைகளுக்கான விசா, பேராசிரியர், ஆய்வாளர், கல்லூரி மாணவர் விசா ஆகியவற்றில் இருப்பவர்கள் மனைவியையோ கணவனையோ அழைக்கலாம். தொழில்நுட்பப் பயிற்சி பெற வந்தவர்களும், ‘தொக்குதெய் கினோ’ எனப்படும் குறிப்பிட்ட திறன் விசாவின் முதல் நிலையில் இருப்பவர்களும் அழைக்க முடியாது. இரண்டாம் நிலைக்குப் போனால் முடியும். ஏஜென்ட் யாராவது இதற்கு மாறாகச் சொன்னால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்கு நிரந்தர வதிவிட உரிமை இருந்தால் இந்த வழி உங்களுக்கு உரியது அல்ல. உங்கள் துணைக்கு ‘நிரந்தரவாசியின் துணை’ என்ற தனி விசா உண்டு. அதில் வேலைக்கு நேரக் கட்டுப்பாடும் கிடையாது.

எங்கள் அலுவலகத்தில் உதவ முன்வந்தவர் நல்லெண்ணத்தோடு ஒரு படிவத்தை அச்சிட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து நிரப்பினேன். அது ஜப்பானியரை மணந்தவர்களுக்கான படிவம் என்பது பிறகுதான் தெரிந்தது. ‘துணை’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். படிவத்தின் தலைப்பில் ‘கஸோகு தைசாய்’ இருக்கிறதா என்று பாருங்கள்.

2. திருமணச் சான்று: இங்கேதான் காலம் போகும்

உங்கள் பாஸ்போர்ட்டையும் அவர் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கட்டும் ஒரே கயிறு திருமணச் சான்று. அதில் உள்ள பெயர்கள் இரண்டு பாஸ்போர்ட்டோடும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

திருமணத்தை எந்த நாட்டில் பதிந்திருந்தாலும் சரி. திருமணம் எங்கே பதிவானதோ அந்த நாட்டுச் சான்று ஒன்று போதும். குடிவரவுத் துறையின் பட்டியலிலும் திருமணச் சான்றின் நகல் என்றுதான் இருக்கிறது. இந்தியாவிலும் பதிந்து இலங்கையிலும் பதிந்து இரண்டையும் வைக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேர். மூவரும் சொன்னது தவறு.

இலங்கையில் இதை விவாகச் சான்றிதழ் என்பார்கள். திருமணம் பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். கேட்கும்போதே மூன்று பிரதிகள் வாங்கிவிடுங்கள். ஒன்று குடிவரவுத் துறைக்கு, ஒன்று தூதரகத்துக்கு, ஒன்று ஜப்பானில் வார்டு அலுவலகத்துக்கு. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

எங்கள் சான்று தமிழில் இருந்தது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தர ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தோம். என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ழகரத்துக்கு ‘இசட் எச்’ போடுவது வழக்கம், என் பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான். அவரோ இலங்கை வழக்கப்படி ‘எல்’ போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, தமிழைப் பார்த்துப் பெயர்த்தார். ஆனால் ஜப்பானிய அதிகாரியின் கண்ணுக்கு அது வேறொரு மனிதனின் பெயர். திருத்தி வாங்க இரண்டு வாரம் ஆனது. எனவே மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே இருவரின் பாஸ்போர்ட் நகலையும் கையில் கொடுத்து, பெயர்களை இதில் உள்ளபடியே எழுதுங்கள் என்று சொல்லிவிடுங்கள். ழ மட்டும் அல்ல, த, ட, நெடில் எல்லாவற்றிலும் இரு கரைக்கும் இந்த வேறுபாடு வரும்.

இன்னொரு பொறி, தமிழ்நாட்டுக்காரர்களின் இனிஷியல், அதாவது தலைப்பெழுத்து. பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக முழுதாக அச்சாகியிருக்கும். சான்றில் ஒற்றை எழுத்தாக நிற்கும். பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். எந்த நிலையானாலும் ஜப்பானியப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். சான்றில் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்று காரணத்தோடு அரைப் பக்க விளக்கக் கடிதம் வையுங்கள். தலைப்பெழுத்து என்றால் என்ன என்பதை ஜப்பானிய மொழியில் விளக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் பிடித்தது.

வெளிநாட்டு மொழியில் உள்ள எந்தத் தாளுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும். இதற்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. நீங்களே செய்யலாம், கீழே மொழிபெயர்த்தவரின் பெயரும் தேதியும் போட்டால் போதும். ஒரு பக்கத்துக்கு 8,000 யென் கேட்டவரிடமிருந்து தப்பித்து, உடன் வேலை செய்யும் ஜப்பானிய நண்பரோடு ஒரு மதிய உணவு வேளையில் முடித்தேன். செலவு, அவருக்கு வாங்கிக் கொடுத்த ஒரு பிரியாணி.

3. வரிச் சான்றுகள்: ஜனவரி 1 அன்று எங்கே இருந்தீர்கள்?

உங்கள் வருமானத்துக்கு மூன்று தாள்கள் வேண்டும். கம்பெனி தரும் பணிச் சான்று ஒன்று. குடியிருப்பு வரி தொடர்பான ‘கஸெய் ஷோமெய்ஷோ’, ‘நோஸெய் ஷோமெய்ஷோ’ என்ற இரண்டு. முதலாவது எவ்வளவு வரி விதிக்கப்பட்டது என்று சொல்லும், இரண்டாவது அதைக் கட்டினீர்களா என்று சொல்லும். பலர் ஒன்றை மட்டும் வாங்கிப் போய்த் திரும்பி வருகிறார்கள்.

இவற்றைத் தருவது இப்போது நீங்கள் வசிக்கும் இடத்து அலுவலகம் அல்ல. அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று எங்கே வசித்தீர்களோ அந்த ஊர். நான் 2024 மார்ச்சில் கவாசாகியிலிருந்து டோக்கியோவின் எதொகாவா வார்டுக்கு மாறியிருந்தேன். எதொகாவா அலுவலகத்தில் எண் வாங்கி, நாற்பது நிமிடம் காத்திருந்து, கவுன்டருக்குப் போனேன். அந்த அம்மாள் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு கைகளையும் குறுக்காக வைத்துப் பெருக்கல் குறி காட்டினார். ஜப்பானில் சில காலம் இருந்தவர்களுக்கு அந்தக் குறி என்னவென்று தெரியும். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

பழைய ஊர் தொலைவில் இருந்தால் தபாலில் கேட்கலாம். கட்டணத்தை அஞ்சலகத்தில் ‘தெய்காக்கு கொகவாஸே’ என்ற சிறு பண ஆணையாக எடுத்து அனுப்ப வேண்டும். சான்றுக்கு 300 யென், அந்த ஆணையை எடுக்கக் கமிஷன் 200 யென். கிட்டத்தட்டத் தலையளவுக்குத் தலைப்பாகை.

புதிய ஆண்டுக்கான சான்று ஜூன் வாக்கில்தான் கிடைக்கத் தொடங்கும். நீங்கள் ஜப்பானுக்கே ஜனவரி 1க்குப் பிறகு வந்தவர் என்றால் இந்தச் சான்று உங்களுக்கு இருக்காது. அதற்காக அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். சம்பளச் சீட்டுகள், வேலை ஒப்பந்தம், வங்கி இருப்புச் சான்று ஆகியவற்றை விளக்கத்தோடு வைக்கலாம். ஜப்பானில் வாங்கும் சான்றுகள் எல்லாம் விண்ணப்பிக்கும் நாளுக்கு மூன்று மாதத்துக்குள் பெறப்பட்டவையாக இருக்க வேண்டும். அதனால் திருமணச் சான்று கைக்கு வந்த பிறகு இவற்றை வாங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். மொழிபெயர்ப்பு இழுத்துக்கொண்டே போனதில் பணிச் சான்று காலாவதியாகிவிட்டது.

எவ்வளவு சம்பளம் இருந்தால் கிடைக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். இத்தனை யென் என்று விதியில் தொகை ஏதும் இல்லை. வாடகை போக இருவர் சாப்பிட முடியுமா என்பதே அவர்களின் கேள்வி. வரிப் பாக்கி இருந்தால் மட்டும் முதலில் கட்டிவிடுங்கள்.

4. படிவமும் மற்றவையும்

நீங்கள் விண்ணப்பிப்பது நேரடியாக விசாவுக்கு அல்ல. ‘தகுதிச் சான்று’ ஒன்றுக்கு. எல்லோரும் சுருக்கமாக சி.ஓ.இ. என்பார்கள். ஜப்பானில் இருக்கும் நீங்கள் மனைவி சார்பில் அதை வாங்கி அனுப்ப வேண்டும், அவர் அதைக் காட்டித் தூதரகத்தில் விசா எடுக்க வேண்டும்.

வைக்க வேண்டியவை: படிவம், மனைவியின் பாஸ்போர்ட் நகல், நான்கு சென்டிமீட்டர் உயரமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் உள்ள அவர் புகைப்படம், திருமணச் சான்றும் மொழிபெயர்ப்பும், உங்கள் ரெசிடென்ஸ் கார்டின் (ஜப்பானில் வசிக்கும் வெளிநாட்டவருக்கான அட்டை) நகல், மேலே சொன்ன வருமானத் தாள்கள். புகைப்படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். ஊர் ஸ்டுடியோவில் ‘பாஸ்போர்ட் சைஸ்’ என்று கேட்டால் கிடைப்பது வேறு அளவு. அளவை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

படிவத்தில், இதற்கு முன் எப்போதாவது சி.ஓ.இ.க்கு விண்ணப்பித்ததுண்டா என்று ஒரு கேள்வி இருக்கும். மனைவி முன்பு மாணவராக வர முயன்று நிராகரிக்கப்பட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். பழைய விண்ணப்பம் அவர்களிடம் இருக்கும். நிராகரிப்பைவிடப் பொய்தான் ஆபத்து.

கட்டாயம் இல்லாத ஒன்றையும் நான் வைத்தேன். எப்படி அறிமுகமானோம், எந்த மொழியில் பேசிக்கொள்கிறோம், எங்கே எந்த நாட்டுச் சட்டப்படி மணந்தோம் என்று ஒரு பக்கம், கூடவே இரண்டு கல்யாணப் புகைப்படங்கள். இரு நாட்டுக்காரர்களுக்கும் தாய்மொழி ஒன்று என்பது நமக்குச் சாதாரணம்; மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

மனைவி எந்த நாட்டுக் குடிமகள் என்பதைப் பொறுத்து மாறும் தாள் ஒன்று உண்டு. காசநோய்ப் பரிசோதனைச் சான்று. நாங்கள் விண்ணப்பித்த பிறகு வந்தது இது. 2025 ஜூன் முதல் நேபாள, பிலிப்பைன்ஸ் குடிமக்களுக்கும், செப்டம்பர் முதல் வியட்நாம் குடிமக்களுக்கும் கட்டாயமாகியிருக்கிறது. அந்தப் பட்டியலில் இந்தியா, இலங்கை இரண்டும் இல்லை. வேறு நாட்டவரை மணந்தவர்கள் விண்ணப்பிக்கும் நாளில் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஷினகாவாவுக்கு ஒரு நாள் விடுப்பு

டோக்கியோவில் இருப்பவர்கள் போக வேண்டியது ஷினகாவா பக்கம் உள்ள குடிவரவு அலுவலகம். ஷினகாவா ரயில் நிலையத்தின் கோனான் வாசலிலிருந்து பஸ் போகிறது. பஸ்ஸில் ஏறுகிற எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறை இருக்கும், வழி கேட்கவே வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள். மை நம்பர் எனப்படும் ஜப்பானின் தனிநபர் எண் அட்டை இருந்தால் இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். நான் நேரில் போனது, தாள் குறைந்தால் அங்கேயே சொல்வார்கள் என்பதற்காக.

கட்டணம் எதுவும் இல்லை. கொடுக்கும் தாள்கள் பொதுவாகத் திரும்பி வராது. மூலச் சான்று திரும்ப வேண்டும் என்றால் கொடுக்கும்போதே சொல்லுங்கள். முடிவு மின்னஞ்சலில் வேண்டுமா, தாளாக வேண்டுமா என்று கேட்பார்கள். மின்னஞ்சலைத் தேர்ந்தெடுங்கள். தாள் என்றால் பதிவுத் தபால் தலை ஒட்டிய உறை தர வேண்டும், பிறகு அதைக் கூரியரில் ஊருக்கு வேறு அனுப்ப வேண்டும்.

முறைப்படி எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை. எங்களுக்குப் பத்து வாரம். இடையில் கூடுதல் தாள் கேட்டுத் தபால் வரலாம், அதில் கெடு இருக்கும். அஞ்சல் பெட்டியைத் தினமும் பாருங்கள். நிராகரித்தால் காரணத்தை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு தருவார்கள். குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

இந்த வேலையைச் செய்து தர உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் ஒருவர் ஒரு லட்சம் யென் கேட்டார். உங்கள் நிலைமை நேரானது என்றால் தேவையில்லை. முன்பு நிராகரிப்பு, மறுமணம், வேலை மாற்றம் என்று ஏதாவது இருந்தால் அந்தப் பணம் வீண் அல்ல.

6. தூதரகம்: மனைவியின் பாஸ்போர்ட் பேசும் இடம்

சி.ஓ.இ. கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஜப்பானுக்குள் நுழைந்துவிட வேண்டும். விசா எடுத்த நாளிலிருந்து அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு, கையில் விசா இருந்தும் சி.ஓ.இ. காலாவதியாகி மறுபடி முதலிலிருந்து தொடங்கிய ஒருவரை எனக்குத் தெரியும்.

நான் இந்தியன் என்பதால் மனைவியும் சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவர் தன் குடியுரிமை உள்ள நாட்டில், அல்லது முறையாக வசிக்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். கணவனின் நாடு எது என்பது கணக்கில் வராது. சுற்றுலா விசாவில் சென்னையில் மாமியார் வீட்டில் இருப்பது வசிப்பது ஆகாது. எனவே கொழும்பு. சி.ஓ.இ. இருந்தால், தாள்கள் சரியாக இருக்கும் பட்சத்தில், ஐந்து வேலை நாள் போதும். எங்களுக்கு ஒரு வாரம் ஆனது.

விசாக் கட்டணமும் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. பொதுக் கட்டணம் ஒருமுறை நுழைவுக்கு 3,000 யென் அளவில் உள்ளூர்ப் பணத்தில் இருந்துவந்திருக்கிறது. இந்தியர்களுக்கு அதைவிடக் குறைவு. கட்டும் நாளில் தூதரகப் பலகையைப் பாருங்கள்.

மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவரை மணந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. அவர்கள் குறுகிய காலப் பயணத்துக்கு விசா இல்லாமலே வரலாம். அப்படி வந்துவிட்டு இங்கேயே குடும்ப விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். குறுகிய காலத் தங்கலிலிருந்து மாற்றுவதை, தக்க காரணம் இல்லாமல் ஏற்பதில்லை. பார்க்க வரட்டும், சி.ஓ.இ. வழியை விட்டுவிடாதீர்கள்.

7. இறங்கியதும் 14 நாள்

தைப்பொங்கலை அம்மாவோடு முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றாள். கொழும்பிலிருந்து நரீத்தாவுக்கு நேரடி விமானம் இருப்பதால் வேறு நாட்டு இடைவழி விசாத் தொல்லை இல்லை. நரீத்தாவிலேயே ரெசிடென்ஸ் கார்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். நகர்வதற்கு முன் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபாருங்கள்.

வீட்டில் குடியேறிய 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். நான் சொன்ன மூன்றாவது பிரதி இங்கேதான் தேவை. குடும்பத் தலைவர் வெளிநாட்டவர் என்றால், வந்திருப்பவர் அவருக்கு என்ன உறவு என்பதற்குச் சான்றும் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் கேட்கிறார்கள். விசாவே மனைவி என்றுதானே கொடுத்தீர்கள் என்று வாதாடிப் பார்த்தேன். அது வேறு துறை. சான்று கையில் இல்லாததால் குடியிருப்புப் பதிவில் ‘எங்கோஷா’, அதாவது உறவுக்காரர் என்று எழுதினார்கள். ஏழு மாதம் அலைந்து அழைத்துவந்தவளுக்கு அந்தப் பட்டம். மறுநாள் சான்றோடு போய் மனைவி என்று மாற்றினோம்.

அதே வாரத்தில் கம்பெனியிடம் சொல்லி மனைவியை உங்கள் மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். நீங்கள் கம்பெனிக் காப்பீட்டில் இருந்து, அவருடைய ஆண்டு வருமானம் 13 லட்சம் யெனுக்குக் குறைவாக இருந்தால், கூடுதல் பணம் பிடிக்க மாட்டார்கள். ஓய்வூதியக் கணக்கும் அதோடு சேர்ந்துவிடும். தெரியாமல் வார்டு அலுவலகத்தில் தேசியக் காப்பீடு எடுத்துத் தனியாகப் பணம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

8. வேலைக்குப் போக வேண்டும் என்றால்

குடும்ப விசாவில் தானாக வேலை செய்ய முடியாது. குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் இல்லை. வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். எல்லா இடத்து நேரத்தையும் கூட்டித்தான் 28, ஒவ்வொரு கடைக்கும் 28 அல்ல. மீறினால் வரிச் சான்றின் வருமானமே காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது கேட்பார்கள். புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஏப்ரலில் 4,000 யெனிலிருந்து 6,000 ஆனது. இணையத்தில் செய்தால் அப்போது 5,500. முழுநேர வேலை கிடைத்தால் அவர் தன் பெயரிலேயே வேலை விசாவுக்கு மாற வேண்டும்.

9. ஊருக்குப் போய்த் திரும்பும்போது

இது சின்ன விஷயம், ஆனால் இதில் தவறினால் மேலே சொன்ன எட்டும் வீண். ஓராண்டுக்குள் திரும்புவதாக இருந்தால் முன்கூட்டி மறு நுழைவு அனுமதி வாங்கத் தேவையில்லை. விமான நிலையத்தில் தரும் வெளியேறும் அட்டையில், திரும்பி வரப்போகிறேன் என்பதற்கான கட்டத்தில் குறி இட்டு, பாஸ்போர்ட்டோடு ரெசிடென்ஸ் கார்டையும் காட்ட வேண்டும். குறி இடாமல் போனால் விசாவைக் கைவிட்டதாக ஆகிவிடும். முதல் முறை அவள் தனியாகக் கொழும்புக்குப் புறப்பட்டபோது நுழைவாயில் வரை போய் நின்று, கட்டத்தில் குறி போட்டாயா என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனில் கேட்டேன். போட்டுவிட்டேன், போய்ச் சாப்பிடுங்கள் என்றாள்.